நான் நைனாவுக்கு பிரஷர் பார்த்த கதை

நீச்சல் தெரியாதவன் ஏரியில் சாவதில்லை. கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். செம்பரம்பாக்கம் ஏரியில் மூழ்கினவர்களை விசாரித்துப் பாருங்கள் (அவர்களை எங்கே விசாரிப்பது, வீட்டுக்காரர்களை விசாரியுங்கள்). "அவனுக்கு நல்லா நீச்சல் தெரியுமே" என்றுதான் அழுவார்கள். தெரியாத வேலை மனுஷனைக் கெடுக்காது. தெரிந்த வேலைதான் கெடுக்கும்.

எனக்குத் தெரிந்த வேலை பிரஷர் பார்ப்பது.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹைவே ஓரமாக இருந்த ஒரு ஃபேக்டரியில் நான் கம்ப்ரசர் ஆபரேட்டர். வண்டிகளுக்கு இரும்புச் சாமான் அடிக்கிற இடம். அங்கே சுத்தியலிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் எல்லாம் காற்றில்தான் ஓடும். அந்தக் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின்கள் ஒரு தகரக் கொட்டகையில் வரிசையாக நிற்கும். காற்று குறைந்தால் லைன் நிற்கும். லைன் நின்றால் சூப்பர்வைசர் வந்து என் அம்மாவைப் பற்றி விசாரிப்பார். அதனால் ஷிஃப்ட் முழுக்க டயல் முள்ளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

கொட்டகைக்குள் வாயைத் திறந்து பேசிப் பயனில்லை. அவ்வளவு சத்தம். கை ஜாடைதான். கட்டைவிரல் மேலே என்றால் பிரஷரை ஏற்று. கீழே என்றால் இறக்கு. உள்ளங்கையை விரித்துக் காட்டினால், சரியாக நிற்கிறது, தொடாதே. எங்களுக்கு வேதமும் ஒன்றே ஒன்றுதான்: காதை நம்பாதே, முள்ளை நம்பு. காதில் வைத்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டோம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். மைசூர்பாகு காதில் நிற்கவில்லை.

வீட்டிலும் எனக்குக் கொட்டகைக் குரல்தான். "இன்னா கொழம்பு?" என்று என் பெண்டாட்டி தேவகியைக் கேட்டால், எதிர்வீட்டுக்காரி பதில் சொல்வாள். ஊரில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. பாதி கோபம், பாதி கம்ப்ரசர்.

என் நைனா முனிரத்தினம் மேஸ்திரி (எங்கள் வீட்டில் அப்பா என்கிற வார்த்தை கிடையாது, நைனாதான்). அம்மா போனபிறகு அவருக்கு இருந்தது வேலை ஒன்றுதான். அப்போது ஒரகடம் போகிற வழியில் அங்கங்கே கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்கிப்போட ஆரம்பித்திருந்தார்கள். ஃபேக்டரி வருமோ வராதோ, காம்பவுண்டு சுவர் முதலில் வந்துவிடும். அந்தச் சுவர்கள்தான் நைனாவுக்குச் சோறு.

அவர் கண்ணில் புரை விழுந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மறைத்துவிட்டார். ரசமட்டத்தில் குமிழி தெரியாமல், கல்லைக் கையால் தடவித் தடவியே கட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு சுவர் மாசமான பொம்பிளை மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. என்ஜினியர் இடிக்கச் சொன்னார். வேறு யாரையும் தொடவிடாமல் நைனாவே கடப்பாறையை எடுத்து இடித்துவிட்டு வந்தார். அன்றைக்குச் சோற்றில் கை வைக்கவில்லை.

"கண்ணு போனா நான் மேஸ்திரி இல்லடா" என்றார். "சித்தாளுகூட இல்ல."

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். இலவசமாக ஆபரேஷன். அழைத்துக்கொண்டு போனேன். கண்ணைப் பார்த்தவர்கள் சரி என்றார்கள். பிரஷரைப் பார்த்தவர்கள் முடியாது என்றார்கள். நூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் கத்தி வைக்க மாட்டோம், தினம் காலையில் ஒரு மாத்திரை போடுங்கள், அடுத்த மாசம் இன்னொரு முகாம் இருக்கிறது, அதை விட்டால் மறுபடி எப்போது வருவோம் என்று சொல்ல முடியாது, வசதியிருந்தால் வீட்டிலேயே அப்பப்போ பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வசதி மஸ்கட்டிலிருந்து வந்தது. அக்கா வீட்டுக்காரர் அங்கே வேலையில் இருந்தார். லீவில் வரும்போது டேப் ரெக்கார்டர் கேட்டிருந்தேன். பிரஷர் பார்க்கிற மெஷின் வாங்கி வந்தார். மாமனார் உடம்பு முக்கியமாம். கையில் சுற்றுகிற துணிப்பட்டை, அமுக்குகிற ரப்பர் பந்து, ஒரு வட்ட டயல், காதில் மாட்டுகிற குழாய். கூடவே படம் போட்ட ஒரு தாள். படத்தில் ஒரு ஆள் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கை மேஜைமேல். கால் தரையில். வாய் மூடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கடிகாரம்.

"உக்கார்றதுக்குக்கூட படம் போட்டு வித்துகினு கீறான் பாரு" என்று சிரித்தேன். எனக்கா பிரஷர் பார்க்கச் சொல்லித்தர வேண்டும்? தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்தேன்.

புது மெஷின் வந்தால் முதலில் லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டகையில் அதுதான் முறை. காற்றை ஏற்றி, வால்வை மூடிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். முள் இறங்கியிருந்தால் லீக். அதையே செய்தேன். பட்டையை நைனா கையில் சட்டைமேலேயே சுற்றி, டயல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு ஏற்றி, வால்வைத் திருகிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முள் அசையவில்லை. அருமையான மெஷின். நைனாவின் கைதான் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"வெரல்லாம் மரத்துப் போச்சுடா" என்றார் சந்தோஷமாக. "நல்லா இழுக்குது." வியாதியை உறிஞ்சி எடுக்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.

அடுத்து காதுக்குழாய். மாட்டிப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு மூன்று நாள் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. டூப்ளிகேட் மாட்டி ஏமாற்றிவிட்டான் என்று மஸ்கட் கடைக்காரனைத் திட்டிவிட்டு, குழாயை ஆணியில் மாட்டினேன். குழாய் எதற்கு? காற்றை இறக்கும்போது ஒரு இடத்தில் முள் துடிக்க ஆரம்பிக்கிறது. துடிக்கிற இடம்தான் பிரஷர். முள் பொய் சொல்லாது. இது தெரியாதா எனக்கு?

நூற்றுத் தொண்ணூறு.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு கூத்து. நைனா வேலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, டீ குடித்து, பீடி பற்றவைப்பார். (கண் தெரியாமல் சைக்கிளா என்று கேட்பீர்கள். ரோடு அவருக்கு மனப்பாடம். ரோட்டுக்கும் அவரைத் தெரியும்.) பீடி முடிந்த கையோடு கட்டில் ஓரத்தில் உட்காரவைப்பேன். கால் தொங்கும். கையும் தொங்கும். நான் எதிரில் குந்தி அமுக்க ஆரம்பிப்பேன்.

"இன்னிக்கு மத்தியானம் இன்னா துன்ன?"

"சோறுதான்."

"கருவாடு துன்னியா?"

"இல்லடா."

"வாசனை வருதே."

"அது பக்கத்து வூட்டுது."

"பக்கத்து வூட்டு கருவாடு உன் வாயில இன்னா பண்ணுது?"

நூற்றெண்பத்தைந்து. "பேசாம இரு நைனா" என்று கத்துவேன். உடனே மறுபடி அமுக்குவேன். நூற்றுத் தொண்ணூற்றைந்து. "கம்முனு இருன்னா இருக்க மாட்டியா?" என்று இன்னும் சத்தமாகக் கத்துவேன். இன்னும் ஏறும். தெரு முழுக்க நம்பர் கேட்கும். மறுநாள் காலையில் பால்காரரே விசாரிப்பார், மேஸ்திரிக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து தடவையாமே, வயிற்றில் எதுவும் தங்குகிறதா என்று.

உப்பை நிறுத்தினேன். ஊறுகாயை நிறுத்தினேன். நைனா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆனால் மனுஷன் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தார். ஒரு நாள் தேவகியைக் கூப்பிட்டு, ரசமட்டத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும், தூக்குக்குண்டை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் டயல் இருக்கிறதே.

தேவகி என் மாமன் மகள், பயப்படுகிற ஜாதி இல்லை. "யோவ், நீ கத்துறதாலதான் அவருக்கு ஏறுது" என்றாள்.

"நீ பாத்தியா டயல? நான் தினம் பாக்குறேன்" என்றேன்.

முகாம் கிட்டே வந்துகொண்டிருந்தது. நம்பர் இறங்குகிற வழியாக இல்லை. கம்ப்ரசரில் பிரஷர் இறங்கவில்லையென்றால் என்ன செய்வோம்? வால்வை இன்னொரு சுற்று திறப்போம். மாத்திரையை இரண்டாக்கினேன். நம்பர் நூற்றெழுபதுக்கு வந்தது. பார்த்தாயா என்று தேவகியிடம் காட்டினேன். இன்னும் இருபது இறங்கினால் கண் ஆபரேஷன். மூன்றாக்கினேன்.

யாரையும் கேட்கவில்லை. டாக்டர் ஒன்று என்றால் ஒன்றுதான். மாத்திரை வால்வு இல்லை.

முகாமுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது நைனா சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தவர் அப்படியே மடங்கி விழுந்தார். கீழே மணல் கொட்டிவைத்திருந்தார்கள். அந்த மணல் லாரிக்காரன் எந்த ஊர்க்காரனோ, அவன் குடும்பம் நன்றாக இருக்கட்டும். உதடு கிழிந்தது. முழங்கை பிசகியது. உயிர் இருந்தது.

ஃபேக்டரி கேட்டுக்குச் செய்தி வந்து, எண்ணெய்ச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தேவகி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். ஒரு சிஸ்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரம்மா, நைனாவுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு என்றார்.

நான் சிரித்தேன். நைனா கட்டிலில் ரத்தம் வழியக் கிடக்கிறார், நான் சிரிக்கிறேன். "சிஸ்டர், உங்க மெஷின் ரிப்பேர். இவருக்கு தொண்ணூறு வரவே வராது. நான் கம்ப்ரசர் ஆபரேட்டர். பிரஷர் எனக்குத் தெரியும்" என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கொட்டகைக் குரல் அப்படி.

அந்தம்மா கோபப்படவில்லை. மாத்திரை எத்தனை என்று தேவகியிடம் கேட்டார். தேவகி சொன்னாள். அந்தம்மா முகம் மாறியது.

"தெரிஞ்சவரு நீங்களே பாருங்க" என்று மெஷினை என் பக்கம் நகர்த்தினார்.

பார்த்தேன். அமுக்கி, இறக்கி, முள் துடித்த இடத்தைக் காட்டினேன். நூற்றுப் பத்துக்கு மேலே. பார்த்தீர்களா என்று வராந்தாவையே ஒரு சுற்றுப் பார்த்தேன்.

"முள்ளு ஆடுதது கணக்கில்ல. சத்தம் எப்ப கேக்க ஆரம்பிச்சது?"

"சத்தமா? இதுல சத்தமே வராது சிஸ்டர். எங்க வூட்டு மெஷின்லயும் வரல."

அந்தம்மா குழாயை என் காதில் சரியாக மாட்டி, அவரே அமுக்கி இறக்கினார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். குழாயைக் கழற்றி தேவகி காதில் மாட்டினார். மறுபடி இறக்கினார்.

தேவகி கண் பெரிதாயிற்று. "கேக்குதே" என்றாள். "டொக்கு டொக்குன்னு. தூரத்துல யாரோ மொளக்குச்சி அடிக்கிறாப்ல."

யாரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ. எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் அன்றைக்குத் தெரிந்துவிட்டதே.

மெஷினில் கோளாறு இல்லை. மஸ்கட்காரன் யோக்கியன். மெதுவான சத்தம் எதுவும் எனக்கு வராமல் போய் எவ்வளவு நாளாயிற்றோ. நான் ஊர்மேல் கத்துகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்குக் கேட்கத்தான் கத்தியிருக்கிறேன். பிறகு ஒரு நாள், கொட்டகைச் சத்தத்தில் காது போய்விட்டது என்று ஆபீஸில் போய்ச் சொன்னேன். பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார்கள். பிறவியில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். அதையும் அன்றைக்குப் பாதி மென்று முழுங்கிவிட்டு வந்தேன். வேலை வேண்டுமே.

சிஸ்டர் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி கொடுங்கள், பயமில்லை என்று உள்ளே தேவகியிடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். டாக்டரும் வந்து பார்த்து, ரெண்டு நாள் மாத்திரையே வேண்டாம், அப்புறம் பழையபடி ஒன்று என்றார். என்னை ஒருமுறை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் தேவகி கட்டில் காலுக்குக் கீழே இருந்த தாளை உருவினாள். கட்டில் மறுபடி ஆடியது. அந்தப் படத்தில் இருந்ததைத்தான் சிஸ்டரும் சொல்லியிருக்கிறார். டீ, பீடி முடித்து அரை மணி போகணும். ஒன்றுக்குப் போய்விட்டு வரணும். முதுகு சாயணும், கால் தரையில் படணும். அஞ்சு நிமிஷம் கம்மென்று இருக்கணும். பட்டை சட்டைமேல் இல்லை, வெறும் கையில். கை நெஞ்சு உயரத்தில் இருக்கணும்.

எங்கள் வீட்டில் மேஜை ஏது? நைனாவே கிழிந்த உதட்டோடு எழுந்து போய்ச் செங்கல் எடுத்து வந்தார். நாற்காலி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் மூன்று கல் அடுக்கி, ரசமட்டம் வைத்துத் தடவிப் பார்த்தார். "குமிழி நடுவுல கீதா, பாரும்மா" என்று தேவகியைக் கேட்டார். கை வைத்துக்கொள்ள இடம் கட்டியாயிற்று. அந்த வீட்டில் எங்கள் நைனா கட்டியதில் எனக்குப் பிடித்த சுவர் அதுதான்.

அப்புறம் தேவகி என் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நீ வெளிய போ."

"நான் பேசலயே."

"நீ பேச வேணாம். நின்னாலே அவருக்கு ஏறுது. போய்யா."

தெருக் குழாயடியில் போய் நின்றேன். உள்ளே நான் இருந்தால் நூற்றைம்பதைத் தாண்டும், வெளியே நின்றால் நூற்று முப்பதுக்கு வரும். ரெண்டு விதமாகவும் பார்த்துவிட்டாள் பாவி. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், "இன்னா ஏகாம்பரம், உள்ள பிரஷர் பாக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள்.

முகாம் அன்றைக்கும் நான் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியேதான். உள்ளே விடாதே என்று தேவகி வாட்ச்மேனிடமே சொல்லிவைத்துவிட்டாள். எதிரே ஃபேக்டரி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நூற்றைம்பதைத் தாண்டினால் அவ்வளவுதான், சுவர் கட்டுகிற மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதற்குக் காரணம் நான். கடவுளிடம் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். மனசுக்குள்தான். வெளியே பேசினால் முகாமுக்குள் கேட்டுவிடும்.

ரொம்ப நேரம் கழித்துத் தேவகி வராந்தாவுக்கு வந்தாள். ஏதோ சொன்னாள். தூரம், பஸ் சத்தம், என் காது. ஒன்றும் விளங்கவில்லை. கையைக் காதுக்கு வைத்துக் காட்டினேன். மறுபடி சொன்னாள். விளங்கவில்லை. பிறகு கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

சரியாக நிற்கிறது. தொடாதே.

அந்த ஜாடையை அவளுக்கு நான் எப்போது சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை. கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் பார்க்க, அழுதேன். ஊரே திரும்பிப் பார்த்தது. அழுகையும் கொட்டகைக் குரல்தான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தேவகியைப் பார்க்கவில்லை. நேராக மூன்று செங்கல்லிடம் போனார். நடுக்கல்லை ஒரு நூல் நகர்த்தி வைத்தார். "கோணலா கீது" என்றார். அப்புறம் பல வருஷம் சுவர் கட்டினார். எங்கள் வழியில் இன்றைக்கும் நிற்கிற சில காம்பவுண்டு சுவர்கள் அவருடையவை. உள்ளே ஃபேக்டரிகள் மூன்று முறை பெயர் மாறிவிட்டன, சுவர் அப்படியே இருக்கிறது.

அவர் போய்விட்டார். செங்கல் மூன்றும் இருக்கின்றன. இப்போது பட்டனைத் தட்டினால் தானே ஏறி தானே இறங்குகிற மெஷின் வீட்டில் இருக்கிறது. காதுக்குழாயும் வேண்டாம், முள்ளும் வேண்டாம். வீட்டுக்கு யார் வந்தாலும், அக்கம்பக்கத்தில் யாருக்குப் பார்த்தாலும், மெஷினை எடுத்ததும் என் மகள் முதலில் சொல்வது, "நைனா, நீ வெளிய போ." வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடனே தேவகி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கத்திரிக்காய் நிறக் கை, பக்கத்து வீட்டுக் கருவாடு, எல்லாம். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறேன், நன்றாகவே கேட்கும்.

போன வருஷத்திலிருந்து எனக்கே பிரஷர். மாத்திரை, காலையில் ஒன்று. இதில் ஒரு சிக்கல் வந்தது. எனக்குப் பார்க்கும்போது என்னை எப்படி வெளியே அனுப்புவது?

தேவகி அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள். நாற்காலியில் சாய்ந்து உட்காரவைக்கிறாள். காலைத் தரையில் வைக்கச் சொல்கிறாள். கையைச் செங்கல்மேல் வைக்கிறாள். பிறகு என் காதிலிருக்கிற மெஷினைக் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், நான் வெளியே போயாயிற்று. அவர்கள் வாய் அசைகிறது. மகள் சிரிக்கிறாள், மருமகன் சிரிக்கிறார். எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். யார்மேல் கத்துவது? அஞ்சு நிமிஷம் கம்மென்று உட்கார்ந்திருக்கிறேன். கையில் பட்டை இறுகித் தளர்கிறது. தேவகி குனிந்து நம்பரைப் பார்க்கிறாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள்.